விழுந்து எழ ஒரு மேடு

சோழவந்தானுக்குப் பக்கத்தில் எங்கள் அம்மாச்சி ஊரில் இரண்டு கிணறுகள். தென்னந்தோப்புக்குள் இருப்பது நல்ல ஆழம், தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும். களத்துமேட்டை ஒட்டியது பழையது, பாசி பிடித்தது. ஆனால் அடிவரைக்கும் கல்படி இறங்கும். மாமா எங்களுக்கு நீச்சல் பழக்கியது பாசிக் கிணற்றில்தான். இடுப்பில் காலி எண்ணெய் டின்னைக் கட்டிவிட்டு, "குதி" என்பார். மூக்கில் தண்ணீர் ஏறி, தத்தளித்து, கைக்குப் படி தட்டுப்பட்டு, ஏறி வந்து மறுபடி குதிப்போம். ஒரு பிற்பகலில் நாற்பது தடவையாவது குதித்திருப்போம். மேலே சுற்றுக்கட்டில் சித்தி பிள்ளைகளும் பக்கத்துத் தோட்டத்துப் பையன்களும் உட்கார்ந்து போடுகிற கூச்சல் ஊருக்கே கேட்கும். நாலாவது நாள் டின்னை அவிழ்த்தார். அப்போது எனக்கு எட்டு வயது.

முப்பது வருஷம் கழித்து, பனிச்சரிவில் பலகை மேல் நின்று சறுக்கும் ஸ்னோபோர்டு பழகக் கிளம்பியபோது இந்தக் கிணறு நினைவுக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒரு வருஷமும் பத்தொன்பதாயிரம் ரூபாயும் மிச்சமாகியிருக்கும்.

நான் கே.கே. நகரில் பிசியோதெரபிஸ்ட். பனியில் பலகை மேல் நிற்கிற என் படம் ஒன்று சொந்தக்காரர்கள் குழுவில் சுற்றியதிலிருந்து, முழங்கால் வலிக்கு வருகிறவர்கள்கூட இதைக் கேட்கிறார்கள். எங்கே போகலாம், கட்டுப்படியாகுமா, ஒன்றுமே தெரியாதவர்கள் போகலாமா, சாயங்காலம் பொழுது போகுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் போனது மணாலி. 2023 ஜனவரி, குடியரசு தினத்தை ஒட்டிய விடுமுறை. நானும் தம்பியும் மட்டும். மதுரையிலிருந்து சண்டிகருக்கு நேர் ரயில் இருக்கிறது. படுக்கை வசதிப் பெட்டியில் இரண்டு இரவைக் கழித்தால் வடக்கத்திக் கோதுமை வயல் வந்துவிடும். அங்கிருந்து ஓர் இரவுப் பேருந்து. மணாலியிலிருந்து சோலங் பள்ளத்தாக்கு 13 கிலோமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் இதைவிட மலிவாக மதுரைக்காரர் பனியை மிதிக்க வழியில்லை. கலகலப்புக்கும் குறைவில்லை. மால் ரோட்டில் சித்திரைத் திருவிழாக் கூட்டம், பழைய மணாலியில் ராத்திரி பத்து மணிக்கும் கிதார் சத்தம், வசிஷ்ட் கோயிலில் வெந்நீர் ஊற்று. தேடிப் படித்ததில் எல்லாமே அந்த ஊரைத்தான் கைகாட்டின.

பனி நன்றாகவே பெய்திருந்தது. ஆனால் அந்த விடுமுறையில் சறுக்குவதற்கு இடமில்லை. டயர் டியூபில் உருளும் குழந்தைகள், பனி ஸ்கூட்டர், குதிரை, மேகி விற்கும் தள்ளுவண்டி, வாடகைக் கோட்டோடு படம் எடுத்துக்கொள்ளும் குடும்பங்கள் என்று எல்லாம் ஒரே மேட்டில். எங்களுக்குக் கிடைத்த பயிற்சியாளர் ஸ்கீயிங் தெரிந்தவர், ஸ்னோபோர்டில் நின்றதில்லை. இரண்டும் வேறு வேறு வித்தை. ஸ்கீயில் இரண்டு காலும் தனித்தனிக் கட்டை மேல் இருக்கும், முகம் இறக்கத்தைப் பார்க்கும். ஸ்னோபோர்டில் இரண்டு காலையும் ஒரே பலகையில் பூட்டிவிட்டுப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். சைக்கிள் ஓட்டத் தெரிந்தவரிடம் பரிசல் விடப் பழகுவது போலத்தான். பலகை என் உயரத்துக்கு அதிக நீளம். பூட்ஸ் இரண்டு அளவு பெரிது.

பூட்ஸைப் பற்றி நான் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். என் தொழிலும் இதுதான். ஸ்னோபோர்டில் திரும்புவது பலகையின் விளிம்பால். குதிகால் பக்க விளிம்பை அழுத்தினால் ஒரு பக்கம் திரும்பும், விரல் பக்க விளிம்பை அழுத்தினால் இன்னொரு பக்கம். விரல் பக்கம் அழுத்தக் கணுக்காலும் முழங்காலும் மடங்கி, முழங்காலுக்குக் கீழ் எலும்பு பூட்ஸின் முன்பக்கத்தில் சாய வேண்டும். பூட்ஸ் தொளதொளவென்றிருந்தால் குதிகால் உள்ளுக்குள்ளேயே தூக்கிக்கொள்ளும், பலகைக்கு அந்தச் சேதி போய்ச் சேராது. என்ன செய்தாலும் திரும்பாது. பழகுகிறவர் தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார். அன்றைக்கு நானும் அப்படித்தான் நினைத்து மனம் உடைந்தேன். கடையில் பூட்ஸைப் போட்டதும் நாடாவை இறுக்கிக் கட்டி, முழங்காலை நன்றாக மடக்கி நின்று பாருங்கள். பூட்ஸுக்குள் குதிகால் தூக்கிக்கொண்டால் வேறு அளவு கேளுங்கள். நிமிர்ந்து நிற்கும்போது விரல் நுனி முன்னால் லேசாகத் தொட்டால் சரி. பலகை உங்கள் மோவாய் உயரத்துக்கு மேல் போக வேண்டாம், கையால் வளைத்தால் கொஞ்சம் வளைய வேண்டும்.

சோலங் மேட்டில் மேலே ஏறிப் போக எங்களுக்கு வழி நடைதான். பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு முழங்கால் புதையும் பனியில் இருபது நிமிஷம் ஏறினால் அரை நிமிஷம் சறுக்கலாம், அதுவும் விழாமல் இருந்தால். இரண்டு நாளில் நான் சறுக்கியது ஒன்பது தடவை. திரும்பும் ரயிலில் நாக்பூர் தாண்டியதும் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். எனக்கு மட்டும் ஆன செலவு 19,000 ரூபாய். ஒன்பதால் வகுத்தால் ஒரு சறுக்கலுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல். மலிவான ஊர் என்று தேர்ந்தெடுத்ததன் விலை அது.

ரயில் திண்டுக்கல்லில் நிற்கும்போதுதான் பாசிக் கிணறு நினைவுக்கு வந்தது. மாமா எந்தத் தண்ணீர் அழகு என்று பார்த்துக் கிணற்றைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏறி வரப் படி இருக்கிறதா, எத்தனை தடவை குதிக்க முடியும், கரையில் ஆள் இருக்கிறதா, இவ்வளவுதான் பார்த்தார். நான் சிகரத்தின் படத்தையும் தேநீர்க் கடைகளின் படத்தையும் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தேன்.

அடுத்த ஒரு வருஷம் இந்தக் கண்ணோடு தேடினேன். அவுலி முதலில் மனசுக்குப் பிடித்தது. உத்தராகண்ட் அரசின் கர்வால் மண்டல் விகாஸ் நிகம் அங்கே ஏழு நாள், பதினாலு நாள் ஸ்கீயிங் வகுப்பு நடத்துகிறது. தங்குவது, சாப்பாடு, கட்டை, பூட்ஸ் எல்லாம் ஒரே கட்டணத்துக்குள். சரிவும் பழகுகிறவர்களுக்கு ஏற்றது, எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி. ஆனால் அது ஸ்கீயிங் வகுப்பு. தவிர, 2023 ஜனவரியில் கீழே ஜோஷிமட் நகரமே மண்ணில் இறங்கத் தொடங்கி வீடுகள் விரிசல் விட்டன, அவுலிக்கு ஏறும் ரோப்வேயும் நின்றுபோனது. சாயங்காலமானால் ஊர் அடங்கிவிடும். ஸ்கீயிங்தான் வேண்டும், அமைதி பிடிக்கும் என்பவருக்கு நான் இன்றைக்கும் அவுலியைச் சொல்வேன். மணாலியில் உள்ள அடல் பிகாரி வாஜ்பாய் மலையேற்ற நிறுவனமும் நல்ல ஸ்கீயிங் வகுப்பு நடத்துகிறது. அதற்குப் பதினாலு நாள் விடுப்பு வேண்டும், எனக்கு அவ்வளவு கிடைக்காது.

பல்கேரியாவின் பான்ஸ்கோ, ஜார்ஜியாவின் குடவுரி என்று ஐரோப்பியர்கள் மலிவு என்று கொண்டாடும் ஊர்கள் லண்டன்காரருக்கு மலிவு. மதுரையிலிருந்து விமானமும் விசாவும் சேர்த்தால் அந்தப் பேச்சே எடுபடாது.

மிஞ்சியது காஷ்மீரின் குல்மார்க். அதை நான் முதலில் ஒதுக்கியதே அதன் பெயரால்தான். உலகம் முழுவதிலுமிருந்து தேர்ந்த ஆட்கள் வரும் மலை, அங்கே நமக்கென்ன வேலை என்று. அபர்வத் மலையில் கம்பியில் தொங்கியபடி ஏறுகிற கொண்டோலா இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் கட்டம் கொங்டூரி வரை, இரண்டாவது கட்டம் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் வரை. படங்களில் வருவதெல்லாம் அந்த மேல்பகுதி. அது பழகுகிறவர் போகவே கூடாத இடம். 2023 பிப்ரவரியில்கூட அங்கே பனிச்சரிவில் சிக்கி இரண்டு போலந்துக்காரர்கள் இறந்தார்கள். ஆனால் அடிவாரத்தில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய கிண்ணம் போன்ற வெளியில், பழகுவதற்கென்றே மேடுகள் இருக்கின்றன. யாரும் படமெடுத்துப் போடாத அந்த மேடுகள்தான் நமக்கு வேண்டிய குல்மார்க். உயரம் சுமார் 2,650 மீட்டர். நம் கொடைக்கானலைவிட ஐந்நூறு மீட்டர் சொச்சம்தான் கூடுதல், மூச்சு வாங்குமே என்ற பயமும் வேண்டாம்.

அந்த மேட்டில் இழுவைக் கயிறு இருக்கிறது. பழநிக்குப் போனவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். கொண்டோலா என்பது ரோப் கார். இது விஞ்ச் மாதிரி, தரையோடு இழுத்துக்கொண்டு போவது. மேலே ஓடும் கம்பியிலிருந்து ஒரு தண்டு தொங்கும், அதன் நுனியில் ஒரு வட்டத் தட்டு. தட்டைத் தொடைக்குள் வைத்துக்கொண்டு நின்றால் போதும். ஸ்னோபோர்டுக்காரருக்கு இதில் ஒரு சிரமம் உண்டு. பின்காலைப் பூட்டிலிருந்து கழற்றிவிட்டு, முன்காலை மட்டும் பலகையில் வைத்துப் பக்கவாட்டில் போக வேண்டும். முதல் நாள் காலையில் நான் நாலு தடவை கம்பியிலிருந்து விழுந்தேன். மத்தியானத்துக்குள் பழகிவிட்டது. அதற்குப் பிறகு நாளுக்கு இருபத்தைந்து தடவைக்குக் குறையாமல் சறுக்கினேன்.

நாங்கள் போனது 2024 பிப்ரவரி. காஷ்மீரிகள் டிசம்பர் 21 தொடங்கி நாற்பது நாளை சில்லை கலான் என்பார்கள், கடுங்குளிர் காலம். பனி அப்போதுதான் பெய்யும் என்று நம்பி ஜனவரியிலேயே பயணச்சீட்டு எடுத்தவர்கள் அந்த வருஷம் வறண்ட புல்லைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஜனவரி கடைசிவரை குல்மார்க்கில் பனியே இல்லை. அடுத்த வருஷமும் பிப்ரவரியில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டை பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் பொங்கல் விடுமுறையை நம்பாதீர்கள். தையைக் கடத்திவிட்டு மாசி பிறக்கையில் போங்கள். மூன்று வாரம் முன்னாலிருந்தே அங்குள்ள வாடகைக் கடைக்கு வாரம் ஒருமுறை போன் போட்டு, இன்றைக்கு அடிவார மேட்டில் பனி இருக்கிறதா, இழுவைக் கயிறு ஓடுகிறதா என்று கேளுங்கள். ஸ்னோபோர்டில் சொல்லிக்கொடுக்க ஆள் உண்டா, அவர் தானே பலகையில் நிற்பவரா என்பதையும் அதே போனில் கேட்டுவிட வேண்டும்.

இந்தத் தடவை நாங்கள் நாலு பேர். நான், தம்பி, அவன் கூட்டாளிகள் இரண்டு பேர். குல்மார்க்கிலேயே தங்கினால் கை கடிக்கும். 13 கிலோமீட்டர் கீழே தங்மர்கில் ஒரு வீட்டு மாடியில் தங்கினோம். காலையில் சக்கரத்தில் சங்கிலி கட்டிய பகிர்வு சுமோ. எனக்கு ஆன செலவு விமானக் கட்டணம் உட்பட 46,000 ரூபாய். பலகையும் பூட்ஸும் நாளுக்கு 1,200, பயிற்சியாளர் கட்டணத்தை நாலாகப் பங்கிட்டுக்கொண்டோம். ஐந்து நாளில் நான் சறுக்கியது நூற்றிருபதுக்குக் குறையாது. ஒரு சறுக்கல் நானூறு ரூபாய்க்கும் கீழே வந்தது. முதல் பயணத்தைப் போல இரண்டரை மடங்கு காசு, ஆனால் பழக்கம் ஐந்து மடங்கு மலிவு. ஒரு மலை கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு வகுத்தலைத்தான் போட்டுக் காட்டுகிறேன். விமானம் வேண்டாம் என்றால் இப்போது வேறு வழியும் திறந்திருக்கிறது. திருநெல்வேலியிலிருந்து கட்ரா போகும் ரயில் மதுரை வழியாகத்தான் போகிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்குச் செனாப் பாலம் வழியாக வந்தே பாரத் ஓடுகிறது. நாட்கள் கூடும், காசு குறையும்.

பயிற்சியாளர் தங்மர்க் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கான் இதே ஊர்க்காரர் என்று முதல் நாளே பெருமையாகச் சொன்னான். என் இந்தி அரைகுறை, அவனுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பாடம் முழுக்க உடம்பால்தான் நடந்தது. என் பின்னால் நின்று முதுகில் ஒரு தட்டு தட்டினான். நான் தடுமாறி எந்தக் காலை முன்னால் வைத்தேனோ அதுதான் பலகையில் முன்கால். சின்ன வயதில் கழுவிவிட்ட முற்றத்தில் ஓடிவந்து வழுக்கி விளையாடுவோமே, அப்போது எந்தக் கால் முன்னால் போனது என்று யோசித்தாலே உங்களுக்கும் தெரிந்துவிடும்.

விழுவதைப் பற்றி அவன் சொல்லாததை நான் சொல்கிறேன். ஸ்னோபோர்டு பழகுகிறவர்களிடம் அதிகம் முறிவது மணிக்கட்டு. இரண்டு காலும் கட்டப்பட்டிருப்பதால் கால் வைத்துத் தாங்க முடியாது, கை தானாக முன்னால் நீண்டு உள்ளங்கையை ஊன்றும். உடம்பின் முழு எடையும் மணிக்கட்டில் இறங்கும். என் சிகிச்சை மேசைக்கு வரும் மணிக்கட்டு முறிவுகளில், பைக்கிலிருந்து விழுந்ததானாலும் குளியலறையில் வழுக்கியதானாலும், ஊன்றிய கைதான் எப்போதும் கதை. முன்னால் விழுந்தால் முதலில் முழங்காலை மடக்கி இறங்குங்கள், பிறகு முஷ்டியை மூடி முழங்கைவரை கையைப் படுக்கவைத்து விழுங்கள். பின்னால் விழுந்தால் உட்கார்வது போல இறங்கி, மோவாயை நெஞ்சோடு ஒட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு உருளுங்கள். கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே வீட்டு மெத்தையில் தினமும் பத்துத் தடவை விழுந்து பழகினேன். மகள் எண்ணிக்கொண்டிருப்பாள். குழந்தைகள் ஸ்கேட்டிங்குக்கு வாங்கும் மணிக்கட்டுக் காப்பு, கைப்பந்துக்காரர்கள் போடும் முழங்கால் உறை, இரண்டையும் மதுரையிலேயே வாங்கிவிடுங்கள். ஹெல்மெட் வாடகைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

எப்போது விழுவோம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பலகையை இறக்கத்துக்குக் குறுக்காக வைத்து, மேட்டுப்பக்க விளிம்பில் நிற்கும்வரை ஆபத்தில்லை. கொஞ்சம் அசந்து பலகை தட்டையானால் பள்ளத்துப்பக்க விளிம்பு பனியில் குத்தி, அடித்துப் போட்டது போலத் தள்ளிவிடும். இதற்காகவே முதல் இரண்டு நாள் திரும்பவே விடமாட்டார்கள். காற்றில் உதிரும் இலை மாதிரி, ஒரே விளிம்பில் நின்று இடமும் வலமுமாக அசைந்து இறங்க வேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு நாளைத் தாண்டி மூன்றாம் நாள் முதல் தடவையாகத் திரும்பும்போது பயம் காணாமல் போயிருக்கும்.

கலகலப்பைப் பற்றி நான் நினைத்திருந்ததும் தங்மர்கில் மாறிப்போனது. இருட்டிய பிறகு அங்கே கடைவீதி என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மேட்டில் எங்களைப் போலவே விழுந்துகொண்டிருந்தவர்கள் இருபது முப்பது பேர். புனேயிலிருந்து இரண்டு பல் டாக்டர்கள், ஐதராபாத்திலிருந்து ஓர் அப்பாவும் மகனும், கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கூட்டம். யாராவது முதல் தடவை விழாமல் இறங்கிவிட்டால் மேடு முழுக்கக் கைதட்டும். கிணற்றுச் சுற்றுக்கட்டில் கேட்ட அதே சத்தம். சாயங்காலம் அதே ஆட்கள் பக்கத்துப் பக்கத்து மாடிகளில் அறையைச் சூடாக்கும் புகாரி அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். பழகுகிறவர்கள் நிறையக் கூடும் இடத்தில்தான் சின்ன அளவு பூட்ஸும் குட்டைப் பலகையும் வாடகைக்குக் கிடைக்கும், பயிற்சியாளரைப் பங்கு போட ஆள் கிடைக்கும், நாளைக்கும் வந்து விழலாம் என்ற தெம்பும் கிடைக்கும். எனக்கு மலிவும் கலகலப்பும் அங்கே ஒரே கூட்டத்திலிருந்துதான் வந்தன.

சாப்பாட்டுக்கும் கவலைப்பட வேண்டாம். காஷ்மீரிகள் நம்மைப் போலச் சோற்றுக்காரர்கள். ஹாக் என்ற கீரையைக் கடையாமல் இலை இலையாக வேகவைத்து, சோற்றில் ஊற்றித் தருவார்கள். வீட்டுக்கார அம்மா மூன்றாம் நாள் எனக்கு மட்டும் மூன்றாவது தடவை சோறு போட்டார், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

2025 ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட பிறகு என் அம்மா காஷ்மீர் என்ற சொல்லையே வீட்டில் எடுக்கவிடுவதில்லை. "அங்கிட்டுப் போறேன்னு மட்டும் சொல்லாதத்தா" என்கிறார். அந்தப் பயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை. அதனால் மூன்றாவது பயணத்துக்குக் கஜகஸ்தானின் அல்மாத்தியைப் பார்த்து வைத்திருக்கிறேன். இந்தியர்களுக்குப் பதினாலு நாள் வரை விசா வேண்டாம், தில்லியிலிருந்து சுமார் நாலு மணி நேர விமானம். நகரத்திலிருந்து பன்னிரண்டாம் எண் டவுன் பஸ் மெதேவுக்குப் போகிறது. அங்கிருந்து கொண்டோலா ஷிம்புலாக் மேட்டில் இறக்கிவிடும். பெரிய நகரத்தில் தங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் பனிக்குப் போகலாம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய சௌகரியம். தில்லி போகிற செலவு இருந்தாலும் என் வகுத்தல் கணக்கில் அது குல்மார்க்குக்குப் பக்கத்தில் வருகிறது.

குல்மார்க்கிலிருந்து திரும்பிய வாரம் அம்மாச்சி ஊருக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. களத்துமேட்டுக் கிணற்றடியில்தான் உட்கார்ந்திருந்தார். போனில் இருந்த காணொளியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை தடவைத்தா விழுந்த?"

"நூறைத் தாண்டும் மாமா."

"ஏறி வரப் படி இருந்துச்சா?"

"கயிறு இருந்துச்சு மாமா. பிடிச்சுக்கிட்டா மேல கொண்டுபோய் விட்ரும்."

"அப்பச் சரி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "பாப்பாவுக்கு எத்தனை வயசாகுது?" என்று கேட்டார்.

"வர்ற மாசிக்கு எட்டு, மாமா."